கேஜில் பிரஷர் குறைந்தால் பம்ப் போய்விட்டது என்று அர்த்தமா?

கேள்வியின் சுருக்கம் இது. 55 டன் ஹைட்ராலிக் பிரஸ். 20 எச்பி மோட்டார், நிமிடத்துக்கு 36 லிட்டர் தரும் கியர் பம்ப், 200 மில்லிமீட்டர் சிலிண்டர், 68 கிரேடு ஆயில். காலையில் போட்டால் 180 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) பிரஷர் வருகிறது. இரண்டு மணி நேரம் ஓடி ஆயில் சூடானதும் முள் 100-க்கு மேல் ஏறுவதில்லை. லோடு இல்லாமல் ராம் (அழுத்தும் தண்டு) இறங்கும்போது கேஜ் 25 காட்டுகிறது. இறங்கும் வேகத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை. வந்து பார்த்த மெக்கானிக் "பம்ப் போச்சு, மாத்திடுங்க" என்கிறார். மாற்றலாமா?

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நீங்கள் சொன்ன விவரங்களிலேயே பம்பைச் சந்தேகிக்கக் காரணம் குறைவாகத்தான் இருக்கிறது.

பம்பின் வேலை ஆயிலைத் தள்ளுவது. பிரஷரை அது உண்டாக்குவதில்லை. தள்ளப்பட்ட ஆயில் போகும் வழியில் என்ன தடை இருக்கிறதோ, அதன் அளவுதான் கேஜில் தெரிகிறது. ராம் சும்மா இறங்கும்போது 25 காட்டுவதற்குக் காரணம், வால்வு, ஹோஸ், ராமைத் தாங்கும் பேக் பிரஷர் எல்லாம் சேர்ந்து அவ்வளவுதான் தடை தருகின்றன. ராம் ஜாபில் (அழுத்த வேண்டிய பொருளில்) முட்டியதும் தடை கூடுகிறது, முள் ஏறுகிறது. பிரஷர் அளவு மீறாமல் ஆயிலைத் தொட்டிக்குத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு திறக்கும் இடத்தில் நிற்கிறது. அது 180-இல் நிற்க வேண்டியது, இப்போது 100-இல் நிற்கிறது. அப்படியென்றால் 100-க்கு வந்ததும் நிமிடத்துக்கு 36 லிட்டர் ஆயிலும் வேறு ஏதோ வழியாகத் தொட்டிக்குத் திரும்புகிறது. எனவே "பிரஷர் ஏன் வரவில்லை" என்று தேடுவதைவிட "ஆயில் எந்த வழியாகப் போகிறது" என்று தேடினால் விடை சீக்கிரம் கிடைக்கும்.

வழிகள் நான்குதான். பம்புக்குள்ளேயே கியருக்கும் பாடிக்கும் இடையே பின்னால் கசியலாம். ரிலீஃப் வால்வு வழியாகப் போகலாம். டைரக்‌ஷன் வால்வில் (ராம் மேலே போவதா கீழே போவதா என்று ஆயிலைத் திருப்புவது) உள்ளேயே கசியலாம். சிலிண்டரில் பிஸ்டன் சீலைத் தாண்டி மறுபக்கம் போகலாம்.

இப்போது உங்கள் ராமின் வேகத்தை எடுத்துக்கொள்வோம். தேய்மானத்தால் வரும் உள்கசிவு பிரஷருக்கு ஏறக்குறைய நேர் விகிதத்தில் இருக்கும். பம்ப் தேய்ந்ததால்தான் 100-இல் முள் நிற்கிறது என்றால், 100 கிலோவில் முழு 36 லிட்டரும் பம்புக்குள்ளேயே சுற்றிவருகிறது என்று பொருள். அதே பம்ப் 25 கிலோவில் அதில் கால் பங்கை, அதாவது 9 லிட்டரையாவது இழக்க வேண்டும். அப்படியானால் சூடான பிறகு ராம் சும்மா இறங்கும் வேகமும் கால் பங்கு குறைந்திருக்க வேண்டும். உங்கள் சிலிண்டரின் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். 36 லிட்டருக்கு ராம் விநாடிக்கு 19 மில்லிமீட்டர் இறங்கும். 300 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்குக்கு 16 விநாடி. 27 லிட்டர்தான் வருகிறது என்றால் 21 விநாடி ஆகும். ஐந்து விநாடி வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். போதாக்குறைக்கு, 36 லிட்டரை 100 கிலோவில் பம்புக்குள்ளேயே வீணடித்தால் அது 6 கிலோவாட் வெப்பம். பம்பின் உடம்பு தொட முடியாதபடி கொதிக்கும்.

வேகம் மாறவில்லை என்பதைக் கண் மதிப்பில் சொல்லாமல், மொபைலில் ஸ்டாப்வாட்ச் வைத்துக் காலையில் ஒரு முறை, சூடான பிறகு ஒரு முறை எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பம்பும் டைரக்‌ஷன் வால்வும் பெரும்பாலும் தப்பித்தன. மிச்சம் ரிலீஃப் வால்வும் சிலிண்டரும். இரண்டுக்கும் குறைந்த பிரஷரில் ஆயிலைப் போக விடவேண்டிய கட்டாயம் இல்லை. ரிலீஃப் பிரஷர் ஏறியபின்தான் திறக்கும். சிலிண்டரிலோ லோடு இல்லாதபோது பிஸ்டனின் இரு பக்கமும் பிரஷர் வித்தியாசம் கொஞ்சம்தான்.

சூடானதும் ஏன் கெடுகிறது? 68 கிரேடு என்றால் 40 டிகிரியில் அதன் பாகுத்தன்மை 68 சென்டிஸ்டோக். 80 டிகிரியில் அது 15-ஐ ஒட்டி வந்துவிடும். எந்தச் சந்திலும் கசிவு நான்கைந்து மடங்கு ஆகும். அதனால் காலையில் எடுத்த ரீடிங்கை வைத்து யாராவது "எல்லாம் சரியாக இருக்கிறது" என்றால் நம்பாதீர்கள்.

எதையும் கழற்றுமுன் கேஜைச் சந்தேகியுங்கள். இது எல்லோரும் சொல்வதுதான், செய்பவர்தான் குறைவு. உள்ளே இருப்பது ஒரு வளைந்த உலோகக் குழாய். பிரஷர் ஏறினால் அது நிமிர்கிறது, முள் திரும்புகிறது. பூர்டான் என்ற பிரெஞ்சுக்காரர் 1849-இல் காப்புரிமை பெற்ற அதே அமைப்புதான். பிரஸ் போல அடித்து அடித்து வேலை செய்யும் மெஷினில் அது சீக்கிரம் சோர்ந்துபோகும். மெஷின் நின்று பிரஷர் முழுவதும் இறங்கிய பிறகும் முள் பூஜ்யத்துக்கு வரவில்லை என்றால் அந்தக் கேஜைத் தூக்கிப் போடலாம். 400 கிலோ கேஜ் 1.6 கிளாஸ் (முழு அளவில் 1.6 சதவீதம் வரை பிழை) என்றால் அதிலேயே 6.4 கிலோ வரை முன்பின் இருக்கலாம். 180-ஐப் பார்க்க அது போதும், 5 கிலோவைப் பார்க்க உதவாது. அளவு பற்றிய குழப்பமும் உண்டு. பட்டறையில் கிலோ என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. அதுவும் பாரும் ஏறக்குறைய ஒன்றுதான், 2 சதவீத வித்தியாசம். பிஎஸ்ஐ என்றால் 14-ஆல் வகுத்துக்கொள்ளலாம். ஜப்பான் மெஷின்களில் மெகாபாஸ்கல் இருக்கும். அதை 10-ஆல் பெருக்கினால் பார்.

கேஜ் எங்கே மாட்டியிருக்கிறது என்பதும் முக்கியம். பல பிரஸ்களில் அது ஆபரேட்டர் கண்ணுக்குத் தெரியட்டும் என்று சிலிண்டர் லைனில் மேலே இருக்கும். அது சிலிண்டரில் என்ன இருக்கிறது என்று சொல்லும். பம்பின் வாயில் என்ன இருக்கிறது என்று சொல்லாது. நடுவில் வால்வு, செக் வால்வு எல்லாம் இருக்கின்றன. பம்ப் அவுட்லெட்டில், ரிலீஃபுக்குப் பக்கத்தில், இன்னொரு நல்ல கேஜை மாட்டுங்கள். கீழே 180, மேலே 100 என்றால் நடுவில் ஏதோ அடைத்திருக்கிறது, கதையே வேறு. கேஜ் இல்லாவிட்டாலும் ஒரு சாட்சி கையில் இருக்கிறது: கிளாம்ப் மீட்டர் (கம்பியைச் சுற்றிக் கவ்வி ஆம்பியர் அளக்கும் கருவி). உங்களுடையது போல ஒரே அளவு தள்ளும் பம்பில் மோட்டார் மேல் விழும் சுமை பம்ப் வாயில் இருக்கும் பிரஷரைப் பொறுத்தது. ஆயில் கசிந்தாலும் கசியாவிட்டாலும் சுமை அதேதான். 20 எச்பி மோட்டார் முழு லோடில் 27 ஆம்பியர் அளவில் இழுக்கும். காலையில் 180-இல் இழுக்கும் ஆம்பியரைக் குறித்துக்கொள்ளுங்கள். சூடான பிறகு கேஜ் 100 காட்டும்போதும் மோட்டார் அதே அளவு இழுத்தால், பம்ப் இன்னும் 180-இல்தான் உழைக்கிறது. பொய் சொல்வது கேஜ், அல்லது தடை நடுவில். ஆம்பியரும் நன்றாக இறங்கியிருந்தால் 100 என்பது உண்மை.

இனி ரிலீஃப் வால்வு. என் சந்தேகம் முழுக்க இங்கேதான். உங்கள் அளவு பிரஸ்களில் பெரும்பாலும் பைலட் வகை ரிலீஃப் (ஒரு சின்ன வால்வு பெரிய வால்வைத் திறக்கும் வகை) இருக்கும், அதன் தலையில் கரண்டில் இயங்கும் ஒரு சின்ன சொலினாய்டு வால்வு உட்கார்ந்திருக்கும். வேலை இல்லாத நேரத்தில் பம்பை அன்லோடு செய்வது (ஆயிலைப் பிரஷர் இல்லாமல் தொட்டிக்கு விடுவது) அதன் வேலை. இந்த வகை ரிலீஃபின் உள்ளே பெரிய பாப்பெட்டை (ஆயில் வழியை அடைக்கும் அடைப்பானை) மூடி வைத்திருப்பது பெரிய ஸ்பிரிங் இல்லை. பாப்பெட்டில் 1 மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை. அதன் வழியாக ஆயில் பின்பக்க அறைக்குப் போய் முன்பக்கத்துக்குச் சமமாகத் தள்ளிப் பிடிக்கிறது. பைலட் சீட் (சின்ன வால்வின் வாய்) திறந்தாலோ, சொலினாய்டு திறந்தாலோ பின்பக்க ஆயில் வெளியேறும், பாப்பெட் தூக்கும், முழு ஆயிலும் தொட்டிக்குப் போகும். இதில் கவனிக்க வேண்டியது, பின்பக்கத்திலிருந்து மிகச் சின்னக் கசிவு இருந்தாலே போதும், பெரிய வாசல் திறந்துவிடும்.

இதை உங்கள் பிரஸ்ஸோடு பொருத்திப் பாருங்கள். ஆயில் கெட்டியாக இருக்கும்போது பைலட் சீட்டிலோ சொலினாய்டு வால்வின் ஸ்பூலிலோ (உள்ளே நகரும் தண்டிலோ) கசிவு குறைவு, 180 வரை தாக்குப்பிடிக்கிறது. ஆயில் மெலிந்ததும் கசிவு கூடி 100-லேயே பாப்பெட் தூக்கிவிடுகிறது. 25 கிலோவில் அது மூடியே இருப்பதால் ராம் வேகம் குறைவதில்லை. நீங்கள் சொன்ன எல்லா அறிகுறிகளும் இதில் அடங்குகின்றன. சொலினாய்டு காயிலும் சூடானால் வலு குறையும். ஸ்பூல் முழுதாக நகராமல் பாதியில் நிற்பதும் உண்டு.

சோதிப்பது சுலபம். மெஷினை நிறுத்தி, மெயின் சுவிட்சைப் பூட்டி, ராமைக் கீழே ஒரு கட்டை மேல் உட்கார வைத்து, பிரஷர் முழுக்க இறங்கிய பிறகு சொலினாய்டைக் கழற்றி, அந்த வென்ட் வழியை (பின்பக்க ஆயில் வெளியேறும் வழியை) டம்மி மூடி போட்டு அடையுங்கள். அப்புறம் ரிலீஃப் ஸ்க்ரூவை முழுக்கத் தளர்த்திவிட்டுத்தான் மோட்டாரைப் போட வேண்டும், ஏனென்றால் இப்போது அன்லோடு கிடையாது, பம்ப் நேராக லோடில் ஸ்டார்ட் ஆகும். சூடான ஆயிலில் மெதுவாக ஸ்க்ரூவை உள்ளே திருப்புங்கள். 180 வந்துவிட்டால் கோளாறு சொலினாய்டில். வரவில்லை என்றால் ரிலீஃபைக் கழற்றி, பைலட் சீட்டில் கோடு விழுந்திருக்கிறதா, அந்தச் சின்னத் துளையில் குப்பை இருக்கிறதா, ஓரிங் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துளையை ஊசியால் குத்தி அகலப்படுத்திவிடாதீர்கள். காற்றடித்துச் சுத்தம் செய்தால் போதும்.

இன்னொரு வழி, ரிலீஃபிலிருந்து தொட்டிக்குப் போகும் லைனின் சூட்டைப் பார்ப்பது. ஆயில் 100 கிலோ பிரஷரை எந்த வேலையும் செய்யாமல் இழந்தால் ஏறக்குறைய 6 டிகிரி சூடாகும். தொட்டி ஆயில் 60 என்றால் ரிலீஃப் தாண்டியதும் 66. இன்ஃப்ராரெட் கன் பளபளப்பான பைப்பில் தப்பாகக் காட்டும். கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் அடியுங்கள். சூடாகும் லைன் எதுவோ, ஆயில் போகும் வழி அது.

சிலிண்டரைப் பார்ப்பதற்கு ராம் கட்டையில் உட்கார்ந்திருக்கும்போதே ராடு பக்க (பிஸ்டனுக்குக் கீழே, தண்டு இருக்கும் பக்க) ஹோஸைக் கழற்றி, ஹோஸ் முனைக்கு மட்டும் டம்மி போடுங்கள். சிலிண்டர் போர்ட்டைத் திறந்து விட்டு, அதன் கீழே ஒரு பக்கெட் வையுங்கள். கீழ்நோக்கிச் சில விநாடிகள் அழுத்திப் பாருங்கள். முதலில் கொஞ்சம் சொட்டும். தொடர்ந்து ஓடினால் பிஸ்டன் சீல் போய்விட்டது. அந்தப் போர்ட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். ராடு 140 மில்லிமீட்டர் என்றால் ராடு பக்கப் பரப்பு பாதிதான். மேலே 180 கொடுத்தால் கீழே 350-ஐத் தொடும், ஃபிட்டிங் பிய்த்துக்கொண்டு பறக்கும்.

இரண்டும் நன்றாக இருந்து, ஸ்டாப்வாட்ச்சும் பம்பைக் காட்டினால்தான் பம்ப் சோதனை. பம்புக்கும் ரிலீஃபுக்கும் நடுவில் எதையும் அடைக்கக் கூடாது. அடைத்தால் பிரஷருக்குத் தப்பிக்க வழியே இல்லை. ரிலீஃபுக்குப் பிறகு, டைரக்‌ஷன் வால்வுக்கு முன்பு அடைக்கலாம். அப்போது ரிலீஃபின் தொட்டி லைனில் பார்வைக்கு ஆயிலே வராமல் முள் 100-இல் நின்றால், ஆயில் பம்பைவிட்டு வெளியே வரவே இல்லை என்று பொருள். இதைவிட நல்லது, லோடு வால்வு உள்ள ஃப்ளோ மீட்டர். அதை வாடகைக்குத் தருபவர்கள் உண்டு. லோடு இல்லாமல் 36 லிட்டர், 180-இல் 32 வந்தால் பம்ப் நன்றாகவே இருக்கிறது. 25-க்குக் கீழே போனால் மாற்றுங்கள். நடுவில் இருந்தால் அது உங்கள் வேலைக்குப் போதுமா என்பதைப் பொறுத்தது. என்னைக் கேட்டால் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்பேன்.

முள் ஒரே இடத்தில் நிற்காமல் நடுங்கினால், பம்ப் ஊளையிட்டால் பார்வையை சக்‌ஷன் பக்கம் திருப்புங்கள். பம்ப் ஆயிலை உறிஞ்சுவதாகச் சொல்கிறோம், உண்மையில் தொட்டி மேல் இருக்கும் காற்றுதான் ஆயிலைப் பம்புக்குள் தள்ளுகிறது. பம்ப் வாயில் ஒரு வாக்குவம் கேஜ் வைத்தால் 0.2 பாருக்குள் இருப்பது நல்லது, 0.3 தாண்டினால் அங்குள்ள வடிகட்டியான ஸ்ட்ரெய்னரைக் கழுவுங்கள். நிலையான ஊளைச் சத்தம், தொட்டியில் நுரை இல்லை என்றால் ஆயில் போதாமை. ஜல்லி போட்டு ஆட்டுவது போலச் சத்தம், ஆயில் பால் நிறம், நுரை என்றால் எங்கோ காற்று உள்ளே போகிறது, பெரும்பாலும் சக்‌ஷன் ஹோஸ் கிளாம்ப் அல்லது ஷாஃப்ட் சீல். ஊட்டியில் காற்றழுத்தமே ஏறக்குறைய 0.77 பார்தான், சமவெளியில் சத்தமில்லாமல் ஓடும் பம்ப் அங்கே குளிர்ந்த காலையில் கத்துவதில் ஆச்சரியம் இல்லை. திடீரென்று பிரஷரே இல்லை என்றால் முதலில் மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். வைண்டிங் முடிந்து வந்த மோட்டாரில் ஃபேஸ் மாறியிருப்பது அடிக்கடி நடக்கும். கப்ளிங் சாவி அறுந்திருப்பதும் உண்டு.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இதைப் படிக்கும் வேறு சிலர் பிஸ்டன் வகை வேரியபிள் (தள்ளும் அளவு மாறும்) பம்ப் வைத்திருப்பார்கள். அவர்களுக்குக் கேஜ் இன்னும் மோசமாக ஏமாற்றும். அந்தப் பம்பில் காம்பென்சேட்டர் என்று ஒன்று உண்டு. செட் செய்த பிரஷர் வந்ததும் அது பம்பின் ஸ்ட்ரோக்கைக் குறைத்துவிடும். லைனில் ரிலீஃபும் இருக்கும். அது காம்பென்சேட்டரைவிட 15 முதல் 20 பார் மேலே இருக்க வேண்டும். யாராவது ரிலீஃபை அதற்குக் கீழே இறக்கிவிட்டால் பம்ப் ஸ்ட்ரோக்கைக் குறைக்கவே குறைக்காது, முழு ஆயிலும் ரிலீஃப் வழியாகக் கொதித்துக்கொண்டு ஓடும். கேஜில் பிரஷர் ஒழுங்காகவே தெரியும். காட்டிக்கொடுப்பது மீண்டும் கிளாம்ப் மீட்டர்தான்: முட்டி நிற்கும்போது ஆம்பியர் இறங்கினால் காம்பென்சேட்டர் வேலை செய்கிறது, இறங்காவிட்டால் ரிலீஃப் ஆயிலை எரித்துக்கொண்டிருக்கிறது.

இந்தப் பம்புகளில் கேஸ் டிரெய்ன் லைன் (பம்பின் உடம்புக்குள் கசியும் ஆயிலைத் தொட்டிக்கு விடும் குழாய்) வெளியே வருவது ஒரு வசதி. தேய்மானத்தால் வரும் கசிவு பெரும்பாலும் அதில் வரும். அதைப் பக்கெட்டில் விட்டு ஒரு நிமிடம் அளக்கலாம், சூடான ஆயிலில், பிரஷரில். பம்பின் மொத்த ஃப்ளோவில் 10 சதவீதத்தை நெருங்கினால் சந்தேகப்படுங்கள். முட்டி நிற்கும்போது காம்பென்சேட்டரின் கன்ட்ரோல் ஆயிலும் அதில் சேர்ந்து வரும், எனவே எந்த நிலையில் அளந்தீர்கள் என்பதையும் எழுதிவைத்து, கம்பெனி கொடுத்த அளவோடு ஒப்பிடுங்கள். அந்த லைனை அடைக்கவே கூடாது. கேஸுக்குள் 2 பார் ஏறினாலே ஷாஃப்ட் சீல் வெளியே வந்துவிடலாம்.

எந்தச் சோதனையிலும் கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். ஊசித் துளையிலிருந்து வரும் 180 கிலோ ஆயில் கையுறையைத் தாண்டி தோலுக்குள் புகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் இருக்காது. ஆனால் அன்றே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலோ கையோ போகும். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

உங்கள் பிரஸ்ஸுக்கு நான் போகும் வரிசை: ஸ்டாப்வாட்ச், கிளாம்ப் மீட்டர், இன்னொரு கேஜ், வென்ட் டம்மி, பிறகு சிலிண்டர், எல்லாவற்றுக்கும் கடைசியில் பம்ப். இதில் முதல் மூன்றுக்கும் பெரிய செலவில்லை. ஒருவேளை பம்பே மாற்ற வேண்டி வந்தாலும், பழைய பம்பின் இரும்புத் தூள் தொட்டியில் கிடக்கும். தொட்டியைக் கழுவி, ஃபில்டர் மாற்றி, புதுப் பம்பில் ஆயில் நிரப்பி, ரிலீஃபைத் தளர்த்தி வைத்துத்தான் ஸ்டார்ட் செய்யுங்கள். சரியாக ஓடத் தொடங்கிய அன்றே, காலையிலும் சூடான பிறகும் சும்மா இறங்கும் பிரஷர், முட்டி நிற்கும் பிரஷர், ஆம்பியர், ஸ்ட்ரோக் நேரம், தொட்டிச் சூடு ஆகியவற்றைப் பேனல் கதவின் உட்புறம் எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த தடவை வரும் மெக்கானிக்குக்கு ஒப்பிட்டுப் பார்க்க எண்கள் இருக்கும்.